ராணுவம் கைவிட்டது... கேம் கொண்டாடுகிறது! முன்மாதிரித் துப்பாக்கிகளின் விறுவிறு கதை

"மச்சி, ட்ராப்புல க்ரோசா விழுந்திருக்குடா... ஓடு ஓடு!"

ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஆவடி கோவில்பதாகைப் பக்கம் நடந்து போனால், ஏதாவது ஒரு மொட்டை மாடியிலிருந்து இப்படி ஒரு சத்தம் காதில் விழும். நாலு பசங்க, நாலு செல்போன். கீழே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் அம்மாவுக்கு, க்ரோசா என்றால் புதிதாகத் திறந்த மளிகைக் கடை மாதிரிதான் கேட்கும். அது ஒரு ரஷ்யத் துப்பாக்கி என்பது பையனுக்குத் தெரியும். அதன் குண்டு எந்த ரகம், எத்தனை குண்டு பிடிக்கும் என்பதெல்லாம்கூட அத்துப்படி.

ஆனால், பையனுக்கும் தெரியாத ஒரு விஷயம் உண்டு. அவன் விரலால் தட்டித் தட்டி எடுக்கும் துப்பாக்கிகளில் சில, உலகத்தின் எந்தப் பெரிய ராணுவமும் முழுமையாகக் கையில் எடுக்காதவை. சோதனைச் சாலையில் பிறந்து, சோதனை மைதானத்தில் வளர்ந்து, 'வேண்டாம்' என்று ஓரம் கட்டப்பட்டவை. நிஜத்தில் சில நூறு பேர்தான் தொட்டிருப்பார்கள். கேமிலோ கோடிக்கணக்கானவர்கள் தினமும் சுடுகிறார்கள்!

இந்தக் கதையைச் சொல்ல ஆவடியைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. விஜயந்தா, அர்ஜுன் என்று இந்திய ராணுவத்தின் டாங்குகளைத் தயாரித்த ஹெச்.வி.எஃப். என்கிற கனரக வாகனத் தொழிற்சாலையும், அர்ஜுனை வடிவமைத்த சி.வி.ஆர்.டி.இ. ஆய்வு மையமும் இருப்பது இங்கேதான். ஓர் ஆயுதம் காகிதத்திலிருந்து களத்துக்குப் போக எத்தனை வருடம் பிடிக்கும் என்று கேட்டால், இந்தப் பக்கத்து ரிட்டயர்டு தாத்தாக்கள் பெருமூச்சு விட்டபடியே பதில் சொல்வார்கள்.

அது என்ன முன்மாதிரி?

கல்யாணத்துக்கு முன் ஜாக்கெட் தைக்கக் கொடுத்தால், தையல்காரர் முதலில் ஒன்றை மட்டும் தைத்துப் போட்டுப் பார்க்கச் சொல்வார் இல்லையா? கை பிடிக்கிறதா, தோள் இறங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றவற்றில் கத்தரி வைப்பார். ஆயுதத்திலும் அப்படித்தான். ஆயிரக்கணக்கில் தயாரிப்பதற்கு முன்பு, கையளவு எண்ணிக்கையில் செய்து பார்ப்பதுதான் 'ப்ரோட்டோடைப்'. தமிழில் முன்மாதிரி.

முன்மாதிரியைச் சும்மா விட மாட்டார்கள். புழுதியில் புரட்டுவார்கள், சேற்றில் முக்குவார்கள், உறைபனியில் வைப்பார்கள், வெயிலில் வேகவிடுவார்கள், உயரத்திலிருந்து கீழே போடுவார்கள். அதன்பிறகும் ஆயிரக்கணக்கான குண்டுகள் சுட வேண்டும். இத்தனையிலும் தேறினாலும், விலை கட்டுப்படியாக வேண்டும். ஏற்கெனவே கிடங்கில் இருக்கும் குண்டுகளுக்கும் பொருந்த வேண்டும். பெரும்பாலான முன்மாதிரிகள் இந்தப் படிகளில் ஏதாவது ஒன்றில் தடுக்கி விழுந்துவிடும்.

அப்படி விழுந்தவற்றில் சில, செல்போனில் எழுந்து நிற்கின்றன.

ஃப்ரீ ஃபயர் ஹீரோ... நிஜத்தில் ஜீரோவா?

ஃப்ரீ ஃபயர் ஆடும் யாரிடமும் 'எக்ஸ்எம்8' என்று சொல்லிப் பாருங்கள். உடனே தலையாட்டுவார்கள். மீன் மாதிரி வழுவழுவென்ற உடம்பு, விண்வெளிப் படத்தில் வருகிற மாதிரியான தோற்றம்.

அதன் பெயரிலேயே குட்டு இருக்கிறது. அமெரிக்க ராணுவத்தில் ஓர் ஆயுதத்தின் பெயர் 'எக்ஸ்' என்று தொடங்கினால், 'இன்னும் சோதனையில் இருக்கிறது' என்று அர்த்தம். தேறிவிட்டால் அந்த எக்ஸ் போய்விடும். எக்ஸ்எம்8-க்கு அந்த எழுத்து கடைசிவரை போகவே இல்லை.

முதலில் அமெரிக்கா ஆசைப்பட்டது எக்ஸ்எம்29 என்கிற 'ரெண்டும் ஒண்ணுல' ஆயுதத்துக்கு. துப்பாக்கியும் அதுவே, எதிரியின் தலைக்கு மேல் போய் வெடிக்கும் 20 மி.மீ. குண்டு வீசுவதும் அதுவே. கேட்க நன்றாக இருந்தது. தூக்கிப் பார்த்தால் சுமார் 8 கிலோ! நாள் முழுக்கச் சுமந்துகொண்டு ஓட முடியுமா? அதைப் பிரித்து, துப்பாக்கிப் பகுதியை மட்டும் ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனம் தனியாக வளர்த்தெடுத்தது. அதுதான் எக்ஸ்எம்8. 2005 அக்டோபரில் அந்தத் திட்டமும் ரத்தானது. இராக் போரின் செலவு ஒரு பக்கம், ஒப்பந்தம் போட்ட முறை பற்றிய கேள்விகள் இன்னொரு பக்கம்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? ரத்தாகி இரண்டு வருடம் கழித்து, 2007-ல் அமெரிக்க ராணுவம் ஒரு புழுதிச் சோதனை நடத்தியது. நான்கு வகைத் துப்பாக்கிகள். ஒவ்வொரு வகையிலும் பத்து. வகைக்கு 60,000 குண்டுகள். ராணுவம் அப்போது பயன்படுத்திக்கொண்டிருந்த எம்4 மொத்தம் 882 முறை சிக்கிக்கொண்டது. கைவிடப்பட்ட எக்ஸ்எம்8 வெறும் 127 முறை! நான்கில் அதுதான் முதலிடம். தேர்வில் முதல் மார்க் வாங்கிய பிள்ளைக்கு வேலை கிடைக்காத கதைதான்.

ஆனாலும் அது முழுக்க அநாதையாகிவிடவில்லை. மலேசியக் கடற்படையின் பாஸ்கல் என்கிற சிறப்புப் படை இதைச் சிறிய அளவில் வாங்கியது. மற்றபடி அதன் நிரந்தர முகவரி, கேம்கள்தான். 2004-ல் வந்த கோஸ்ட் ரெக்கான் 2, 2008-ல் வந்த பேட்டில்ஃபீல்ட்: பேட் கம்பெனி, இப்போது ஃப்ரீ ஃபயர்.

தோட்டாவுக்குச் சட்டையே கிடையாது!

சாதாரணத் தோட்டாவில் குண்டு, வெடிமருந்து இரண்டையும் ஒரு பித்தளை உறை சுற்றியிருக்கும். சுட்டதும் அந்தக் காலி உறை 'டிங்' என்று வெளியே தெறிக்கும். 'அந்த உறையே இல்லாவிட்டால் என்ன?' என்று 1960-களின் கடைசியில் ஜெர்மானியர்கள் யோசித்தார்கள். விளைவு, ஜி11.

வெடிமருந்தையே கெட்டிக் கட்டியாக்கி, அதற்குள் 4.73 மி.மீ. குண்டைப் பொதித்துவிட்டார்கள். சுட்டால் கட்டி எரிந்து காணாமல் போய்விடும். ஒரு தோட்டாவின் எடை சுமார் 5 கிராம்தான். வழக்கமான 5.56 மி.மீ. தோட்டாவோ 12 கிராம். அதாவது, அதே சுமையில் ஒரு வீரர் இரண்டு மடங்குக்கும் மேல் தோட்டா கொண்டு போகலாம். மூன்று குண்டுகளைச் சேர்த்துச் சுட்டால், மூன்றும் குழலைத் தாண்டிய பிறகுதான் அதிர்வு வீரரின் தோளுக்கே வந்து சேரும். குறி தப்பாது.

அப்புறம் என்ன பிரச்னை? சூடு! பித்தளை உறை வெறும் டப்பா இல்லை. வெளியே தெறிக்கும்போது உள்ளே இருக்கும் சூட்டில் ஒரு பகுதியையும் எடுத்துக்கொண்டு போகும். அது இல்லாததால் துப்பாக்கி அடுப்பாகக் கொதித்தது. விசையைத் தொடாமலே அடுத்த தோட்டா தானாக வெடித்தது. அதிகச் சூடு தாங்கும் புது வெடிமருந்தைக் கண்டுபிடித்து, இந்தச் சிக்கலைப் பல வருட உழைப்பில் சரிசெய்தார்கள். உள்ளே ஏகப்பட்ட சக்கரங்களோடு கடிகாரம் மாதிரி ஒரு பொறி. அதுவும் வேலை செய்தது.

எல்லாம் கைகூடி வந்த நேரத்தில் வரலாறு குறுக்கே வந்தது. 1990-ல் கிழக்கு, மேற்கு ஜெர்மனிகள் ஒன்றாயின. பனிப்போர் முடிந்தது. ஒன்றான நாட்டைத் தூக்கி நிறுத்தப் பணம் வேண்டும். புதுத் துப்பாக்கிக்கு யார் செலவு செய்வது? ஜி11 நின்றுபோனது. தயாரித்த நிறுவனமே 1991-ல் பிரிட்டிஷ் கைக்கு மாறியது.

ஆனால், சினிமா விடவில்லை. சில்வஸ்டர் ஸ்டாலோன் நடித்து 1993-ல் வந்த 'டெமாலிஷன் மேன்' படத்தில் வரும் 'எதிர்காலத் துப்பாக்கி', இதே ஜி11-க்கு மேக்கப் போட்டதுதான். ஃபால்அவுட் 2 (1998), கால் ஆஃப் டூட்டி: பிளாக் ஆப்ஸ் (2010) என்று கேம்களிலும் அது உயிரோடு உலவுகிறது.

விரல் விட்டு எண்ணலாம்

மேக்ஸ் பெய்ன், ஃபார் க்ரை கேம்களைக் கம்ப்யூட்டர் சென்டரில் ஆடி வளர்ந்த இன்றைய அப்பாக்களுக்கு 'ஜாக்ஹேமர்' ஞாபகம் இருக்கும். விசையை அழுத்திப் பிடித்தால் போதும், சடசடவென்று சுட்டுக்கொண்டே இருக்கும் ஷாட்கன். பத்துத் தோட்டாக்கள் கொண்ட உருளை, ரிவால்வர் மாதிரி சுழலும்.

ஜான் ஆண்டர்சன் என்கிற அமெரிக்கர் 1980-களில் வடிவமைத்தது இது. நிறுவனத்தின் பெயர் பேன்கார். வேலை செய்யக்கூடிய நிஜ ஜாக்ஹேமர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். பெரிய ஆர்டர் எதுவும் வரவில்லை. நிறுவனம் நொடித்துப்போனது. ஆனால், எத்தனையோ கேம்களில் இதை வைத்து ஆடியவர்களை யாராலும் எண்ண முடியாது.

க்ரோசா... இடி, மழை, கொஞ்சம் பொய்

இனி நம் மொட்டை மாடி க்ரோசாவுக்கு வருவோம். ரஷ்ய மொழியில் க்ரோசா என்றால் இடியுடன் கூடிய மழை. 1990-களின் தொடக்கத்தில் துலா நகரில் உருவானது. பிரபலமான ஏகே குடும்பத்தின் குட்டைத் துப்பாக்கியை எடுத்து, விசையை முன்னால் தள்ளி, மேகசினைப் பின்னால் வைத்தார்கள். நீளம் குறைந்தது. சிறப்புப் படைகளுக்காகச் சிறிய அளவில் மட்டுமே தயாரிக்கப்பட்டது. இது முன்மாதிரியோடு நின்றுவிடவில்லை. ஆனால், பரவலாகப் போய்ச் சேரவும் இல்லை.

பி.ஜி.எம்.ஐ.-யில் இது சுடுவது 7.62 மி.மீ. குண்டு. நிஜத்தில் பெரிதும் புழங்கிய க்ரோசா வகையோ, சத்தம் குறைவான 9 மி.மீ. குண்டைச் சுடுவது. கேமுக்காகக் கொஞ்சம் மாற்றிக்கொண்டார்கள்.

ஃப்ரீ ஃபயரில் வரும் ஏஎன்-94 கதையும் சுவாரஸ்யமானது. கென்னடி நிக்கோனோவ் என்கிற ரஷ்யரின் படைப்பு. இரண்டு குண்டுகளை நிமிடத்துக்கு 1,800 என்ற வேகத்தில் அடுத்தடுத்து அனுப்பும். இந்த வித்தைக்காக உள்ளே ஒரு கப்பியும் கம்பிக் கயிறும் வைத்தார். ஆமாம், கிணற்றடியில் இருக்குமே, அதே தத்துவம்தான்! ரஷ்ய ராணுவம் இதை ஏற்றுக்கொண்டது. ஆனால், செலவும் சிக்கலும் அதிகம். கழற்றி மாட்டிச் சுத்தம் செய்யவே தனிப் பயிற்சி வேண்டும். சில சிறப்புப் பிரிவுகளைத் தாண்டி அது போகவில்லை. சாதாரண வீரர் கையில் பழைய ஏகேவே தொடர்ந்தது.

சினிமாவுக்குத் தனி ஆயுதசாலை

'கைதி' (2019) படத்தின் கிளைமாக்ஸில் டில்லி அந்தப் பல குழல் மினிகன்னை இயக்கும்போது தியேட்டரே அதிர்ந்தது நினைவிருக்கும். மினிகன் முன்மாதிரி அல்ல. ஹெலிகாப்டர்களிலும் படகுகளிலும் பொருத்தப்படும் நிஜ ஆயுதம். ஆனால், 'ஒரே ஆள் கையில் தூக்கிக்கொண்டு சுடுவது' என்கிற காட்சி இருக்கிறதே, அது 1987-ல் வந்த 'பிரிடேட்டர்' என்ற ஹாலிவுட் படத்துக்காகச் செய்யப்பட்டது. எந்த ராணுவத்திலும் அப்படி ஒரு வழக்கம் இல்லை.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் காரணம் புரியும். நிமிடத்துக்கு 3,000 குண்டு என்றால் நொடிக்கு 50. ஒரு தோட்டா சுமார் 24 கிராம். நொடிக்கு 1.2 கிலோ தோட்டா காலி. ஒரு நிமிடம் சுட வேண்டுமென்றால் 72 கிலோ தோட்டாவை முதுகில் கட்டிக்கொள்ள வேண்டும். அதாவது, இன்னொரு ஆளை! குழல்களைச் சுற்ற மின்சாரம் வேறு வேண்டும். 'பிரிடேட்டர்' படப்பிடிப்பில் கேமரா கண்ணுக்குத் தெரியாமல் மின் கேபிளை ஒளித்து வைத்து, சுடும் வேகத்தையும் குறைத்துத்தான் எடுத்தார்கள்.

சில சமயம் எதிர்காலத் துப்பாக்கிக்குள் கடந்த காலம் ஒளிந்திருக்கும். 'ஸ்டார் வார்ஸ்' (1977) படத்தில் வெள்ளைக் கவச வீரர்கள் வைத்திருப்பது, பிரிட்டனின் ஸ்டெர்லிங் துப்பாக்கிக்குச் சில உதிரிகளை ஒட்டி உருவாக்கியது. அதே ஸ்டெர்லிங் கான்பூரில் தயாராகி, 'கார்பைன்' என்ற பெயரில் நம் ராணுவத்திலும் போலீஸிலும் பல பத்தாண்டுகள் இருந்தது. பந்தோபஸ்துக்கு நிற்கும் போலீஸ்காரர் தோளில் நாம் சாதாரணமாகப் பார்த்த அதே சாமான்தான் விண்வெளிப் போரில் லேசர் கக்கியது!

கேம்காரர்களுக்கு இவற்றின் மேல் ஏன் இவ்வளவு பிரியம்?

முதல் காரணம், தோற்றம். புதிதாக, வித்தியாசமாக இருக்க வேண்டும். எல்லோரும் பார்த்த ஏகே-47-ஐவிட, யாரும் பார்க்காத ஒன்றுக்குக் கவர்ச்சி அதிகம்.

இரண்டாவது, குணம். ஜி11-ன் மூன்று குண்டு, ஏஎன்-94-ன் இரண்டு குண்டு, ஜாக்ஹேமரின் சடசடப்பு என ஒவ்வொன்றுக்கும் தனி வித்தை உண்டு. ஆட்டத்தில் ஆளுக்கொரு வித்தை இருந்தால்தானே சுவாரஸ்யம்?

மூன்றாவது, பெயருக்கான உரிமம். நிஜ நிறுவனத்தின் துப்பாக்கியை அதே பெயரில் வைத்தால் உரிமம், ஒப்பந்தம் என்று பேச்சு வரும். 2013-ல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்கிற பெரிய கேம் நிறுவனம், இனி ஆயுத நிறுவனங்களோடு அப்படி ஒப்பந்தம் போடுவதில்லை என்று அறிவித்தது. மூடப்பட்ட நிறுவனத்தின் பழைய முன்மாதிரிக்கு அந்தத் தலைவலி குறைவு.

கேம் முந்திக்கொண்ட கதையும் உண்டு. மேக்புல் மசாடா என்ற பெயரில் 2007-ல் அமெரிக்கக் கண்காட்சியில் வைக்கப்பட்ட முன்மாதிரி, ஏசிஆர் என்ற பெயரில் 2009-ல் கால் ஆஃப் டூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2-ல் சூப்பர் ஹிட். நிஜமான ஏசிஆர் அமெரிக்கக் கடைக்கு வந்ததே 2010-ல்தான். வந்த வருடமே ஒரு கோளாறு காரணமாகத் திரும்பப் பெறப்பட்டது. கேமில் அதிராமல் குறி பார்த்துச் சுட்ட துப்பாக்கிக்கு, நிஜத்தில் கிடைத்த வரவேற்பு அவ்வளவுதான்.

சோதனையில் தோற்றால் நல்லது!

'இவ்வளவு நல்ல துப்பாக்கிகளை ராணுவம் ஏன் ஒதுக்குகிறது?' என்று பிள்ளைகள் கேட்கலாம். பதில், வியட்நாமில் இருக்கிறது.

1960-களில் அமெரிக்கா அவசரமாக எம்16 துப்பாக்கியை வியட்நாம் போருக்கு அனுப்பியது. 'இதற்குச் சுத்தம் செய்யும் வேலையே அதிகம் இல்லை' என்ற பேச்சு வேறு. துடைக்கும் கருவிகள்கூடப் போதுமான அளவுக்குப் போகவில்லை. இடையில் வெடிமருந்தின் வகையையும் மாற்றிவிட்டார்கள். காட்டின் ஈரத்திலும் கசட்டிலும் துப்பாக்கிகள் நடுச்சண்டையில் சிக்கிக்கொண்டன. சரிசெய்யக் கழற்றிய துப்பாக்கி பக்கத்தில் கிடக்க, இறந்துபோன வீரர்களைப் பற்றி வீட்டுக்கு எழுதப்பட்ட கடிதங்கள் அந்த நாட்டை உலுக்கின. 1967-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்துக் கண்டித்த பிறகுதான் மாற்றங்கள் வந்தன.

நமக்கும் பாடம் உண்டு. புனே ஆய்வகத்தில் வடிவமைக்கப்பட்டு, திருச்சி உள்ளிட்ட தொழிற்சாலைகளில் தயாரான இன்சாஸ் துப்பாக்கி, 1999 கார்கில் போரில் பனிமலைக்குப் போனது. கடுங்குளிரில் பிளாஸ்டிக் மேகசின் விரிசல் விடுகிறது, துப்பாக்கி சிக்குகிறது என்று புகார்கள் வந்தன. பின்னர் திருத்தங்கள் செய்யப்பட்டன.

அதன் தம்பியாக 'எக்ஸ்காலிபர்' என்றொரு முன்மாதிரி உருவானது. குழல் சற்றுக் குட்டை, பின்பகுதியை மடக்கலாம். ஆனால், ராணுவம் அதிக ஆற்றல் கொண்ட 7.62 மி.மீ. ரகத்தைக் கேட்க ஆரம்பித்ததும் அது பின்னுக்குப் போனது. இப்போது உத்தரப் பிரதேசத்தின் கோர்வாவில் ஏகே-203 தயாராகிறது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளுக்கான ஒப்பந்தம் 2021 டிசம்பரில் கையெழுத்தானது.

கேமில் துப்பாக்கி சிக்காது, சூடாகாது, துருப்பிடிக்காது. செத்தாலும் அடுத்த மேட்ச்சில் எழுந்து வரலாம். களத்தில் நிற்கும் வீரருக்கு அடுத்த மேட்ச் கிடையாது. அதனால்தான் சோதனை மைதானத்தில் ஒரு துப்பாக்கி தோற்பது கெட்ட செய்தி அல்ல. அங்கே தோற்காமல் தப்பி வந்து களத்தில் தோற்பதுதான் கெட்ட செய்தி.

ஆவடிக்குத் தெரிந்த பொறுமை

இதை ஆவடி அளவுக்கு அனுபவித்த ஊர் குறைவு. ஹெச்.வி.எஃப். 1961-ல் உருவானது. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவன வடிவமைப்பில் இங்கே முதல் விஜயந்தா டாங்க் 1965-ல் வெளியே வந்தது. 1971 போரிலும் அது பங்கெடுத்தது. விஜயந்தாவின் பிரிட்டிஷ் உடன்பிறப்பான விக்கர்ஸ் டாங்க், 'வார் தண்டர்' என்ற கேமில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஊர்ப் பெருமை பேச விரும்பும் ஆவடிப் பிள்ளைகள் குறித்துக்கொள்ளலாம்.

அடுத்து அர்ஜுன். சொந்த டாங்க் வேண்டும் என்று 1974-ல் திட்டம் போடப்பட்டது. முன்மாதிரிகள் வந்தது 1980-களில். ராஜஸ்தான் பாலைவனத்தின் வெயிலும் மணலும் அதைப் பாடாய்ப் படுத்தின. குறை கண்டுபிடிப்பது, ஆவடிக்குத் திருப்பி அனுப்புவது, திருத்துவது, மறுபடி பாலைவனம் போவது என்று வருடங்கள் ஓடின. ஆவடியில் தயாரான முதல் 16 அர்ஜுன் டாங்குகள் ராணுவத்துக்குப் போனது 2004-ல். முப்பது வருடம்! திட்டம் தொடங்கியபோது வேலைக்குச் சேர்ந்தவர், டாங்க் வெளியே வரும்போது பேரன் பேத்தி எடுத்திருப்பார். தாமதத்துக்காக விமர்சனங்களும் நிறைய வந்தன.

2010-ல் ராஜஸ்தானில் ரஷ்ய டி-90 டாங்குடன் அர்ஜுனை ஒப்பிட்டுச் சோதித்தார்கள். அதற்குப் பிறகு இரண்டாவது முறையாக 124 டாங்குகளுக்கு ஆர்டர் வந்தது. 2021 பிப்ரவரியில், மேம்படுத்தப்பட்ட மார்க் 1ஏ டாங்கைச் சென்னையில் பிரதமர் ராணுவத்திடம் ஒப்படைத்தார். அந்த வருடம் செப்டம்பரில் 118 டாங்குகளுக்கு 7,523 கோடி ரூபாய் ஆர்டர் ஹெச்.வி.எஃப்.-க்குக் கிடைத்தது.

எல்லா முன்மாதிரிக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. டி-72 டாங்கின் உடம்பில் அர்ஜுனின் தலையைப் பொருத்தி 'டாங்க் எக்ஸ்' என்று ஒன்றை உருவாக்கினார்கள். ராணுவம் வேண்டாம் என்றுவிட்டது. முன்மாதிரியோடு முடிந்தது கதை.

திருச்சியின் கதை வேறு மாதிரி. தொலைவில் இருக்கும் வாகனங்களையும் பதுங்குகுழிகளையும் தாக்கும் கனரகத் துப்பாக்கி இந்தியாவுக்குத் தேவைப்பட்டது. தென்னாப்பிரிக்காவின் என்டிடபிள்யூ-20 துப்பாக்கியை இங்கேயே தயாரிக்கப் பேச்சு நடந்தது. 'டிஸ்ட்ரிக்ட் 9' (2009) என்கிற வேற்றுக்கிரகவாசிப் படத்தில் வருகிறதே, அதே துப்பாக்கிதான். லஞ்சப் புகார் எழுந்து 2005-ல் அந்த நிறுவனத்துடனான உறவு முறிந்தது. உடனே திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை தானே களமிறங்கி 'வித்வன்சக்' என்ற துப்பாக்கியை உருவாக்கியது. அழிப்பவன் என்று பொருள். எடை 25 கிலோவுக்கு மேல். இரண்டு பேர் பிரித்துத்தான் சுமக்க வேண்டும். எல்லைப் பாதுகாப்புப் படை இதை வாங்கியது.

வீட்டில் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை

'எப்பப் பார்த்தாலும் துப்பாக்கி, துப்பாக்கி' என்று திட்டுவதால் மட்டும் பிள்ளைகள் போனைக் கீழே வைக்கப்போவதில்லை. நேரத்துக்கு வரம்பு கட்டாயம் வேண்டும். பி.ஜி.எம்.ஐ. 2023-ல் மீண்டும் அனுமதிக்கப்பட்டபோதே, 18 வயதுக்குக் குறைவானவர்களுக்கு ஒரு நாளைக்கு 3 மணி நேரம் என்று கட்டுப்பாடு வைத்தார்கள். படிக்கிற பிள்ளைக்கு அதுவே அதிகம். வரம்பை வீட்டில்தான் போட வேண்டும்.

அதோடு, பக்கத்தில் உட்கார்ந்து சில கேள்விகள் கேட்டுப் பாருங்கள். 'இந்தத் துப்பாக்கியின் நிஜ எடை எவ்வளவு?', 'இதை எந்த நாடு உண்மையில் வாங்கியது?', 'வாங்கவில்லை என்றால் ஏன்?' பதில் தேடிப் போகும் பிள்ளை, எடை, வெப்பம், விசை, விலை என்று இயற்பியலுக்கும் பொருளாதாரத்துக்கும் வந்து சேரும். சுடுவதில் இருக்கும் ஆர்வம், 'இது எப்படி வேலை செய்கிறது?' என்று திரும்பினால் அது நல்ல திசை.

அந்தத் திசையில் வாசல்களும் திறந்திருக்கின்றன. ஆவடித் தொழிற்சாலைகளிலும் ஆய்வு மையத்திலும் ஐ.டி.ஐ., டிப்ளமா, பட்டப்படிப்பு முடித்தவர்களுக்கு அப்ரண்டிஸ் பயிற்சி அறிவிப்புகள் வருவது வழக்கம். தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, திருச்சி, கோவை, சேலம், ஓசூர் என்று ஐந்து மையங்கள் இருக்கின்றன. அங்கெல்லாம் தேவைப்படுவது வேகமாக விரல் அசைப்பவர்கள் அல்ல. ஒரு பாகம் ஏன் உடைந்தது என்று பத்தாவது முறையும் சலிக்காமல் பார்ப்பவர்கள்தான்.

சட்டென்று ஒரு பார்வை

எக்ஸ்எம்8 - கேமில்: ஃப்ரீ ஃபயர். நிஜத்தில்: 2005-ல் திட்டம் ரத்து.

ஜி11 - கேமில்: ஃபால்அவுட் 2, பிளாக் ஆப்ஸ். நிஜத்தில்: ஜெர்மனி இணைந்ததும் கைவிடப்பட்டது.

ஜாக்ஹேமர் - கேமில்: மேக்ஸ் பெய்ன், ஃபார் க்ரை. நிஜத்தில்: விரல் விட்டு எண்ணக்கூடிய முன்மாதிரிகள்.

ஏஎன்-94 - கேமில்: ஃப்ரீ ஃபயர். நிஜத்தில்: ரஷ்யச் சிறப்புப் பிரிவுகளோடு நின்றது.

க்ரோசா - கேமில்: பி.ஜி.எம்.ஐ., ஃப்ரீ ஃபயர். நிஜத்தில்: சிறிய அளவில் மட்டும் தயாரானது.

அர்ஜுன் - திட்டம் 1974, ராணுவத்தில் 2004. தயாரிப்பு: ஆவடி!